பிழை எனப்பட்ட தொனி: மின்கிற்றாரின் ஒலிமாற்றுக் கருவிகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இசைக்கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மரத்தையும் நரம்பையும் தோலையும் பற்றியே எழுதுவர். எம்மரத்திலே குடைந்தனர், எத்தனை நரம்பு கட்டினர், எத்தேசத்திலிருந்து எக்காலத்தில் வந்தது என்பனவே அவ்வரலாற்றின் வழக்கமான வினாக்களாகும். மின்கிற்றாரைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் போதுமானவையல்ல. அக்கருவியின் கம்பிக்கும் அதனைக் கேட்போன் செவிக்கும் இடையே நீண்டதொரு மின்சுற்றுத் தொடர் நிற்கின்றது. கம்பியின் அதிர்வை மின்னாக மாற்றும் காந்தச் சுருள், அம்மின்னைப் பெருக்கும் விரியலாக்கி, இரண்டுக்கும் நடுவே வாசிப்பவனின் காலடியிலே கிடக்கும் சிறு உலோகப் பெட்டிகள், இறுதியில் ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பு என்பன யாவும் சேர்ந்தே அக்கருவியாகின்றன. இவற்றுள் அந்தச் சிறு பெட்டிகளே, அதாவது 'பெடல்' எனப்படும் மிதிகருவிகளும் அவற்றோடு உறவுடைய 'கொம்பிறசர்' என்னும் ஒலியமுக்கியுமே, இக்கட்டுரையின் பொருளாகும்.

இக்கருவிகள் கிற்றாரின் தொனியைச் 'செம்மைப்படுத்துவன' என்று விற்பனையாளர் கூறுவர். செம்மை என்பதன் அளவுகோல் யாது? 1930களிலும் 1940களிலும் வானொலி நிலையங்களிலும் ஒலிப்பதிவுக்கூடங்களிலும் பணியாற்றிய பொறியியலாளரைக் கேட்டிருந்தால், உள்ளே புகுந்த அலைவடிவம் மாறாது வெளியேறுவதே செம்மை என்று அவர் விடை கூறியிருப்பார். இன்றைய கிற்றார்க் கலைஞர்கள் பெருவிருப்போடு தேடும் தொனிகளிற் பெரும்பாலானவை அந்த அளவுகோலின்படி பிழைகள். சில பிழைகளைத் தடுக்கும் பொருட்டு அமைக்கப்பட்ட பாதுகாப்புச் சாதனங்களின் பக்கவிளைவுகள். பிழை எவ்வாறு பண்பாயிற்று, அதனைப் பண்பென்று தீர்மானித்தவர் யாவர், அதனால் பயனடைந்தவர் யாவர் என்பவை வெறும் தொழினுட்ப வினாக்களல்ல.

கிற்றாருக்கு மின்சாரம் தேவைப்பட்டமைக்கு முதற் காரணம் மிக எளியது: அது கேட்கவில்லை. 1920களின் ஐக்கிய அமெரிக்க நடன இசைக்குழுக்களில் எக்காளங்களும் சக்சபோன்களும் முரசுகளும் கூடி ஒலிக்கையில், தாளத்தோடு சுருதி கூட்டிக் கொடுப்பதைத் தவிரக் கிற்றாருக்கு வேறு இடம் இருக்கவில்லை. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஹவாய்க் கிற்றார் வாசித்த ஜோர்ஜ் பீச்சம், சுவிற்சர்லாந்திற் பிறந்த உற்பத்தியாளரான அடோல்ப் றிக்கன்பக்கருடன் இணைந்து 1930களின் தொடக்கத்தில் உருவாக்கிய அலுமினியக் கிற்றார், தன் வடிவத்தால் 'தாச்சி' என்ற பட்டப்பெயரைப் பெற்றது. அதன் மின்காந்த அமைப்புக்கான ஆக்கவுரிமை 1937இலேயே கிடைத்தது. இதற்கிடையில் கிப்சன் கம்பனி 1936இல் ஈ.எஸ். 150 என்னும் கிற்றாரைச் சந்தைக்கு விட்டது. அதனைத் தூக்கிக்கொண்டு 1939இல் பெனி குட்மனின் குழுவிற் சேர்ந்த சார்ளி கிறிஸ்ரியன் என்ற கறுப்பின இளைஞர், சக்சபோனுக்கு நிகராகத் தனிச்சுர வரிசைகளைக் கிற்றாரில் வாசிக்கலாம் என்று காட்டினார். 1942இல், தமது இருபத்தைந்தாவது வயதில், காசநோயால் அவர் இறந்துபோனார்.

ஒலியின் அளவு பற்றிய குறை இவ்வாறு தீர்ந்தபோது இரண்டாவது குறையொன்று வெளிப்பட்டது. கிற்றார் மீட்டப்படும் கருவி. மீட்டிய கணத்தில் உச்சத்தைத் தொடும் ஒலி, அடுத்த கணத்திலிருந்தே தேயத் தொடங்குகின்றது. வயலின் வாசிப்பவருக்கு வில் உண்டு. குழல் ஊதுபவருக்கு மூச்சு உண்டு. மீட்டுபவருக்கோ விரலை எடுத்த பின் ஒலியின்மீது அதிகாரம் இல்லை. வீணையிலே ஒரு கமகம் முடியுமுன் நாதம் ஓய்ந்துவிடும் இடர்ப்பாட்டை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சார்ளி கிறிஸ்ரியனின் வாசிப்பு விரைவான சுரங்களால் அமைந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பின்வந்த ஐம்பது ஆண்டுகளில் கிற்றாருக்காகச் செய்யப்பட்ட கருவிகளிற் பலவற்றை, ஓயும் நாதத்தை ஓயவிடாது பிடித்து நிறுத்தும் முயற்சிகளாகவே நோக்கவேண்டும். அம்முயற்சி இரு வழிகளிற் சென்றது. ஒன்று சிதைவின் வழி. மற்றது அமுக்கத்தின் வழி.

சிதைவின் வழி முதலிலே திறந்தது ஆய்வுகூடங்களிலன்று. மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தி வயல்களை விட்டு வடக்கே தொழிற்சாலை வேலை தேடிச் சென்ற கறுப்பின மக்களின் கேளிக்கைக் கூடங்களிலேயே அது திறந்தது. 1943இல் சிக்காகோவுக்கு வந்த மடி வாட்டர்ஸ் போன்றோர், கிராமத்து முற்றத்தில் வாசித்த மரக்கிற்றார் நகரத்துக் குடிச்சாலையின் இரைச்சலில் எடுபடாது என்பதை விரைவிலே கண்டு மின்கிற்றாருக்கு மாறினர். அவர்களின் கைக்கு எட்டிய விரியலாக்கிகள் மலிவானவை, சிறியவை. கூட்டத்தின் இரைச்சலை மீறுவதற்காக அவற்றை அவற்றின் ஆற்றலுக்கு மேலாகத் திருகியபோது வால்வுகள் திணறின, ஒலி கரகரத்தது. அந்தக் கரகரப்பு, அவ்விசை மரபின் பாடகர்கள் தம் தொண்டையில் ஏற்கனவே விரும்பிக் கொண்டிருந்த கரகரப்புக்கு மிக அண்மையில் இருந்தது. 1951இல் மெம்பிஸ் நகரிலுள்ள சாம் பிலிப்ஸின் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஹௌலின் வூல்ப் பாடிய பாடல்களுக்கு வில்லி ஜோன்சன் வாசித்த கிற்றாரைக் கேட்போர், இது தற்செயலான குறைபாடன்று, தெரிந்தே செய்யப்பட்டது என்பதை உணர்வர்.

இவ்விடத்து ஒரு வரலாற்றுப் பழக்கத்தைக் கண்டிக்க வேண்டியுள்ளது. சிதைவுத் தொனியின் தோற்றத்தைப் பேசும் வெகுசன எழுத்துக்கள் யாவும் அதே கூடத்தில் 1951 மார்ச்சில் பதிவான 'றொக்கற் 88' என்ற பாடலின் கதையையே திரும்பத் திரும்பக் கூறுகின்றன. ஐக் ரேணரின் குழுவினர் மிசிசிப்பியிலிருந்து வாகனத்தில் வரும் வழியிலே வில்லி கிசாட்டின் விரியலாக்கி பழுதுற்றது. அது வாகனத்தின் மேலிருந்து விழுந்தது என்பார் சிலர், மழையில் நனைந்தது என்பார் வேறு சிலர். கிழிந்த கூம்புக்குள் கடதாசியை அடைத்து வாசித்தனர். அந்த முரமுரப்பு இசைத்தட்டில் ஏறியது. கதை சுவையானது, பெருமளவு உண்மையுங்கூட. ஆயின் அது கவனத்தைத் திசைதிருப்புகின்றது. விரியலாக்கிகள் உலகெங்கும் விழுந்து உடைந்தன. உடைந்ததன் ஒலியை வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் முடிவு செய்தமையே வரலாறு. அம்முடிவைச் சாத்தியமாக்கியது ஏலவே உருவாகியிருந்த ஒரு செவிப்பழக்கம். அச்செவிப்பழக்கத்தை உருவாக்கியோர் பெயர் அறியப்படாத குடிச்சாலைக் கலைஞர்கள். விபத்தையே மூலகாரணமாக்கும் கதைகள், அவர்களின் தெரிவையும் உழைப்பையும் மறைத்துவிடுகின்றன.

தெரிவு என்பது அடுத்து வந்தோரிடம் இன்னும் வெளிப்படையாயிற்று. 1958இல் லிங்க் றே என்பவர் 'றம்பிள்' என்ற இசையைப் பதிவு செய்கையில், மேடையிலே கேட்ட கரகரப்பு கூடத்தில் வரவில்லை என்று கண்டு, பென்சிலால் ஒலிபெருக்கியின் கூம்பைக் குத்தித் துளையிட்டார். ஒரு சொல்லேனும் இல்லாத அவ்விசையை, இளைஞரை வன்முறைக்குத் தூண்டும் என்றஞ்சிச் சில அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அதே இசைத்தட்டு 2008இல் அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. 1964இல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் இலண்டனில் தமது சிறிய விரியலாக்கியின் கூம்பைச் சவர அலகினால் கீறினார். கருவியைக் கெடுத்துத் தொனியைப் பெறும் இக்காலகட்டத்தில் சிதைவுக்கு விலையேதும் இருக்கவில்லை. அலகும் பென்சிலும் எவரிடமும் உண்டு.

சிதைவு ஒரு பண்டமாகியது நாஷ்வில் நகரில். அங்குள்ள பிறட்லி ஒலிப்பதிவுக்கூடத்தில் மாட்டி றொபின்ஸின் 'டோன்ற் வொறி' பாடல் பதிவாகிக் கொண்டிருந்தபோது, கிறேடி மாட்டின் வாசித்த ஆறு கம்பித் தாழ்சுரக் கிற்றாரின் ஒலி, கட்டுப்பாட்டு மேசையின் பழுதான ஒரு பாதையினூடாகச் சென்றமையால் தேனீயின் இரைச்சல் போன்று மாறியது. மென்மையான நாட்டார் பாணிக் காதற் பாடலின் நடுவே அது வந்து விழுவதை இன்றும் கேட்கலாம். அப்பதிவை அழிக்காது 1961இல் வெளியிட்டனர்; பாடல் பெருவெற்றி பெற்றது. பிற கலைஞர்களும் அதே ஒலியைக் கேட்டு வரத் தொடங்கினர். பழுதான பாகமோ நாளடைவில் முற்றாகச் செயலிழந்தது. பழுது போய்விட்டதே என்று பொறியியலாளர் கவலை கொள்ளும் வினோத நிலை இவ்வாறு தோன்றியது. அக்கூடத்தின் பொறியியலாளரான கிளென் ஸ்னொடி, றெவிஸ் ஹொப்ஸ் என்பவருடன் சேர்ந்து, மூன்று ஜேர்மானியத் திரான்சிற்றர்களைக் கொண்டு அப்பழுதைச் செயற்கையாக உருவாக்கும் சுற்றொன்றை அமைத்தார். கிப்சன் கம்பனி அதனை வாங்கி, 'மேஸ்ரோ பஸ்-ரோன்' என்ற பெயரில் 1962இல் காலால் மிதித்து இயக்கும் பெட்டியாகச் சந்தைப்படுத்தியது.

அதனை விற்ற முறை கவனிக்கத்தக்கது. இது கிற்றாரின் புதிய குரல் என்று கம்பனி கூறவில்லை. கிற்றாரைக் கொண்டே எக்காளமும் சக்சபோனும் செல்லோவும் போன்ற ஒலிகளைப் பெறலாம் என்றே விளம்பரம் செய்தது. அதாவது, பிழையைப் பிழையாக விற்க அதற்குத் துணிவு வரவில்லை. மதிப்புப் பெற்ற வேறொரு கருவியின் போலி என்று விற்றது. முதற்கட்டமாகக் கடைகளுக்குச் சென்ற பெட்டிகள் அங்கேயே தேங்கின. 1965 மே மாதத்தில் ஹொலிவூட்டில் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் 'சற்றிஸ்பக்சன்' பாடலைப் பதிவு செய்தபோது, கீத் றிச்சாட்ஸும் அதே நோக்கத்தோடுதான் அப்பெட்டியை மிதித்தார். பின்னர் எக்காளக் குழு வாசிக்க வேண்டிய பகுதிக்கு ஒரு மாதிரியாகவே அவர் அதனை வாசித்தார். அவரது விருப்பத்துக்கு மாறாக மாதிரியே இசைத்தட்டாயிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் தேங்கிக் கிடந்த பெட்டிகள் விற்றுத் தீர்ந்தன. இலண்டனில் கறி ஹேர்ஸ்ற் அமைத்த 'ரோன் பெண்டர்', 1966இல் ஆபிற்றர் கம்பனி வெளியிட்ட வட்டவடிவமான 'பஸ் பேஸ்' முதலியன தொடர்ந்தன.

சிதைவு எவ்வாறு நாதத்தை நீட்டுகின்றது? விரியலாக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் உச்ச எல்லை உண்டு. அலையின் வீச்சம் அவ்வெல்லையைத் தாண்டும்போது அதன் முகடு வெட்டப்படுகின்றது. வளைந்த அலை சதுரத்தை அண்மிக்கின்றது. சதுரமான அலையில் மூல மீடிறனோடு அதன் மேற்றொனிகள், சிறப்பாக ஒற்றைமடங்கு மேற்றொனிகள், பெருகித் தோன்றும். கரகரப்பு எனச் செவி உணர்வது இவற்றையே. ஆயின் இன்னொன்றும் நிகழ்கின்றது. மீட்டிய கணத்து உச்ச ஒலியும், ஒரு விநாடிக்குப் பின் தேய்ந்த ஒலியும், இரண்டுமே எல்லைக்கு மேலிருப்பின், வெட்டப்பட்ட பின் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கும். கம்பி தேய்ந்து கொண்டிருப்பினும் செவிக்கு ஒலி தேய்வதில்லை. நியூயோர்க்கில் மைக் மத்தியூஸ் 1968இல் தொடங்கிய எலெக்றோ ஹாமோனிக்ஸ் கம்பனிக்காக, பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பொப் மையர் வடிவமைத்த 'பிக் மவ்' என்ற சிதைவுப் பெடலின் திருகியொன்றில் 'சிதைவு' என்று பெயர் எழுதப்படவில்லை. 'நீட்டிப்பு' என்ற பொருள்தரும் 'சஸ்ரெயின்' என்றே எழுதப்பட்டது. வாங்குவோர் எதனை நாடினர் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இனி அமுக்கத்தின் வழியை நோக்குவோம். இது பெரிதும் பேசப்படாத வழி. ஆயினும் வரலாற்று மாணவனுக்குக் கூடிய பயன்தரும் வழி.

கொம்பிறசர் இசைக்காகப் பிறந்த கருவியன்று. வானொலி நிலையத்தின் பரப்பியை அளவுமீறிய ஒலியிலிருந்து காப்பதற்காகவும், இசைத்தட்டை வெட்டும் ஊசி தன் தடத்தை விட்டுப் பாயாதிருப்பதற்காகவும் பிறந்தது. தொடக்க காலத்திற் பொறியியலாளர் ஒருவர் திருகியிற் கைவைத்தபடி அமர்ந்திருந்து, பாடகர் உரக்கப் பாடும்போது குறைத்தும் மெல்லப் பாடும்போது கூட்டியும் வந்தார். 1930களின் பிற்பகுதியில் வெஸ்ரேண் எலெக்றிக் போன்ற நிறுவனங்கள் அவ்வேலையை வால்வுச் சுற்றுக்களிடம் ஒப்படைத்தன. அதன் செயற்பாடு இதுவே: ஒலி ஒரு குறித்த மட்டத்தைத் தாண்டும்வரை கருவி சும்மா இருக்கும், தாண்டியதும், தாண்டிய பங்கை ஒரு விகிதப்படி குறைக்கும். விகிதம் 4:1 எனின், மட்டத்துக்கு மேல் 12 டெசிபெல் உயர்ந்த ஒலி 3 டெசிபெல் மாத்திரமே உயர்ந்ததாக வெளிவரும். உச்சங்கள் இவ்வாறு தாழ்ந்தபின் முழு ஒலியையும் ஒருசேர உயர்த்தினால், முன்னர் கேளாதிருந்த மெல்லிய பகுதிகள் மேலெழும். சிதைவு அலையின் முகட்டை வெட்டுகின்றது. அமுக்கி அலையின் வடிவத்தைப் பேணியபடி அதன் உயரத்தை மாத்திரம் தாழ்த்துகின்றது. ஒரே பிரச்சினைக்கு இவை இரண்டு தீர்வுகள்.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இக்கருவிகள் செழித்தமைக்கும் இராணுவ ஆராய்ச்சிக்கும் உள்ள தொடர்பு மனங்கொள்ளத்தக்கது. 1960களின் தொடக்கத்தில் கலிபோர்ணியாவில் எல்.ஏ. 2ஏ என்னும் புகழ்பெற்ற அமுக்கியை அமைத்த ஜேம்ஸ் லோறன்ஸ், ஏவுகணைத் திட்டத்துக்கான ஒளியுணரிகளிற் பணியாற்றியவர். அவரது கருவியிலும் ஒளியே வேலை செய்தது: ஒலி உயரும்போது உள்ளே ஒரு தகடு ஒளிரும், அவ்வொளி பட்டதும் ஒளியுணர் தடையியின் தடை குறையும், அதனால் ஒலி தாழும். ஒளியுணரி சற்று மந்தமாகவே மீளும் இயல்புடையதாகையால், தாழ்ந்த ஒலி மெல்ல மெல்ல எழும். இம்மந்தம் குறைபாடாயினும் செவிக்கு இதமாயிருந்தது. எஸ்தோனியாவிற் பிறந்த றெயின் நார்மா 1950களின் இறுதியில் வடிவமைத்த பெயார்சைல்ட் 670 என்ற கருவியோ 20 வால்வுகளையும் 11 நிலைமாற்றிகளையும் கொண்டு, ஏறக்குறைய 30 கிலோகிராம் நிறையுடையதாயிருந்தது. எந்தக் கிற்றார்க் கலைஞனும் அதனைக் காலடியிற் போட்டு மிதிக்க முடியாது. ஆகவே அமுக்கம் என்பது நெடுங்காலம் கலைஞனின் கையில் இருக்கவில்லை. அது கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அமர்ந்திருந்த பொறியியலாளரின் அதிகாரமாகவே இருந்தது. சிதைவை ஏழைக் கலைஞன் சவர அலகினால் பெற்றான்; அமுக்கத்தைப் பெறப் பெருங்கம்பனியின் கூடத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. இவ்விரு வழிகளின் வர்க்க வேறுபாட்டை இதுவரை எழுதியோர் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

அச்சுவரை உடைத்த நிகழ்ச்சிகளுள் ஒன்று 1965 ஜனவரியில் கொலம்பியா கம்பனியின் ஹொலிவூட் கூடத்தில் நிகழ்ந்தது. பேர்ட்ஸ் குழுவின் 'மிஸ்ரர் தம்பறின் மான்' பாடலுக்கு றொஜர் மக்குவின் பன்னிரு கம்பி றிக்கன்பக்கர் கிற்றாரை வாசித்தார். குழுவிலிருந்து அப்பதிவிற் கருவி வாசித்தவர் அவர் ஒருவரே. அக்கிற்றாரின் நாதம் இயல்பிலே மிகக் குறுகியது, மீட்டியதும் மங்கிவிடும். கூடத்தின் பொறியியலாளரான றே கேர்ஹாட், றொக் இசையின் உரத்த ஒலி தமது சாதனங்களைக் கெடுத்துவிடும் என்றஞ்சி எல்லாவற்றையும் அமுக்கியினூடாகவே செலுத்தினார் என்று மக்குவின் பிற்காலத்திற் கூறியுள்ளார். அமுக்கத்தை இரட்டித்தபோது, பன்னிரு கம்பிகளும் மணியொலி போன்று ஒலித்து, ஓயாது நீண்டன. ஒரு தலைமுறையின் கிற்றார்த் தொனி, சாதனங்களைக் காக்க விரும்பிய ஒருவரின் எச்சரிக்கையிலிருந்து பிறந்தது. அதன் பின் அதனை மேடையிலும் பெறவேண்டும் என்ற தேவை எழுந்தமை இயல்பே.

அத்தேவையை நிறைவேற்றியது ஒருங்கிணைந்த சுற்று என்னும் சில்லு. ஆர்.சீ.ஏ. நிறுவனம் வெளியிட்ட சீ.ஏ. 3080 என்ற சில்லின் பெருக்கத்தை ஒரு சிறு மின்னோட்டத்தாற் கட்டுப்படுத்தலாம். வெளிவரும் ஒலியின் உயரத்தை அளந்து, அவ்வளவைக் கொண்டே அம்மின்னோட்டத்தைக் குறைத்தால் அமுக்கி தயார். நியூயோர்க் மாநிலத்து றொசெஸ்ரர் நகரில் கீத் பார், தெறி ஷேர்வூட் என்ற இளைஞர் இருவர் தொடங்கிய எம்.எக்ஸ்.ஆர். கம்பனி, 1970களில் இவ்வாறு அமைத்த 'டைனா கொம்ப்' என்ற சிவப்புப் பெட்டி உள்ளங்கையில் அடங்கியது. 9 வோல்ற்று மின்கலத்தில் இயங்கியது. இரண்டே திருகிகளைக் கொண்டிருந்தது. முப்பது கிலோகிராம் எடையுள்ள அதிகாரம் காலடிக்கு இறங்கி வந்தது எனலாம். லிற்றில் பீற் குழுவின் லோவெல் ஜோர்ஜ், கம்பியின்மீது உலோக உருளையை வழுக்கி வாசிக்கும் பாணியில் பெரும் அமுக்கத்தைப் பயன்படுத்தி, மனிதக் குரலை நெருங்கும் நீண்ட நாதங்களைப் பெற்றார். நாஷ்வில் கலைஞர்களோ நேர்மாறான தேவைக்கு அதே கருவியைக் கையாண்டனர்: விரைவாகக் கிள்ளி வாசிக்கும் சிறு சுரங்கள் யாவும் ஒரே அளவாக, முத்துக் கோத்தாற்போல வெளிவருவதற்கு. 1970களின் இறுதியில் டேவிட் கில்மரின் மிதிபலகையிலும், பொலிஸ் குழுவின் அண்டி சமர்ஸின் மிதிபலகையிலும் அது இடம்பெற்றிருந்தது.

இக்கருவியைக் கையாளும் முறை சார்ந்து கலைஞரிடையே ஒரு பொது வழக்கம் உருவாகியது. அமுக்கியைத் தொடரின் முதலிலே, கிற்றாருக்கு அடுத்து வைப்பதே அவ்வழக்கம். சிதைவுப் பெடலுக்குப் பின் வைத்தால், ஏற்கனவே வெட்டப்பட்டுச் சமமாகிவிட்ட ஒலியில் அமுக்குவதற்கு அதிகம் எஞ்சாது. உயர்வது இரைச்சல் மாத்திரமே. முதலில் வைத்தாலோ, சிதைவுக்குள் ஒரே அளவான ஒலி புகுவதால் அது சீராக நீடிக்கும். ஆயின் வாசிப்பு ஓயும் இடங்களில் அமுக்கி தன் பெருக்கத்தை மேலேற்றுவதால் சுற்றின் இரைச்சலும் மேலெழும். டைனா கொம்ப் மீதான நெடுநாட் குற்றச்சாட்டு இதுவே. இதனிலும் பாரதூரமான குற்றச்சாட்டு ஒன்றுண்டு. மெல்ல மீட்டுவதற்கும் ஓங்கி மீட்டுவதற்கும் உள்ள வேறுபாடே மீட்டு கருவியின் உயிர். அமுக்கியின் திருகியை அளவுமீறித் திருப்புவோர் அவ்வேறுபாட்டை இழக்கின்றனர். பயிற்சி குறைந்த விரலின் சமனின்மையை அது மறைக்கின்றது. பயிற்சி நிறைந்த விரலின் நுட்பத்தையும் கூடவே மறைக்கின்றது. ஏனைய பெடல்களை மிதித்ததும் சபையோர் உணர்வர். அமுக்கியை மிதித்ததை அவர்கள் உணர்வதில்லை. வாசிப்பவன் மாத்திரம், அதுவும் அதனை நிறுத்திய பின்பே, அது இருந்ததை உணர்கின்றான்.

ஏனைய பெடல்களைப் பற்றி விரிக்கின் கட்டுரை பெருகும். 1966இல் தோமஸ் ஓகன் கம்பனியின் பொறியியலாளர் பிறட் பிளங்கெற், விரியலாக்கியொன்றின் விலைகூடிய ஆளியை மலிவான சுற்றால் மாற்றும் வேலையின்போது கண்டடைந்ததே 'வா-வா' பெடல். ஓகனின் ஒலிக்கட்டுப்பாட்டு மிதியொன்றுக்குள் அச்சுற்றைப் பொருத்தினர். இங்கும் பழைய கதையே: கம்பனி அதற்குக் கிளைட் மக்கோய் என்ற எக்காளக் கலைஞரின் பெயரைச் சூட்டி, ஊதுகருவிக்காரரிடம் விற்க எண்ணியது. அதனைக் கிற்றாரின் மொழியாக்கியவர்களுள் முதன்மையானவர் ஜிமி ஹென்றிக்ஸ். பிரித்தானியக் கடற்படை ஆராய்ச்சியில் ஒலியியற் பொறியியலாளராயிருந்த றொஜர் மேயர் அவருக்கென அமைத்த 'ஒக்ரேவியா' என்னும் பெடல், வாசிக்கும் சுரத்தோடு அதன் மேல்ஸ்தாயியையும் சேர்த்து ஒலித்தது. 1967இல் வெளிவந்த 'பேர்பிள் ஹேஸ்' பாடலின் தனிவாசிப்பில் அதனைக் கேட்கலாம். 1969 ஆகஸ்ற் 18ஆந் திகதி காலை வூட்ஸ்ரொக் மேடையில் ஹென்றிக்ஸ் ஐக்கிய அமெரிக்காவின் தேசிய கீதத்தைக் கிற்றாரில் வாசித்தபோது, குண்டுகள் விழும் ஓசையும் அலறலும் அதனூடே எழுந்தன. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அதனைக் கேட்டோருக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சிதைவு அங்கு அலங்காரமாக அன்றிப் பொருளாகவே ஒலித்தது.

1970களில் உற்பத்தியின் மையம் நகரத் தொடங்கியது. இகுத்தாரோ ககேஹாஷி 1972இல் ஒசாக்காவில் நிறுவிய றோலண்ட் கம்பனியின் கிளையான பொஸ், 1977இல் ஒரே அளவான, ஒரே அமைப்பான, நிறத்தால் மாத்திரம் வேறுபட்ட சிறு பெடல்களின் வரிசையை வெளியிட்டது. 1978இல் அவ்வரிசையிற் சேர்ந்த அமுக்கியின் பெயரே 'அமுக்க நீட்டி' என்ற பொருளுடையது. பிக் மவ்வின் திருகியிற் கண்ட அதே சொல் இங்கும் வந்தது. இபனெஸ் பெயரில் வெளிவந்த 'ரியூப் ஸ்கிறீமர்' வால்வு விரியலாக்கியின் மென்சிதைவைச் சில்லின் மூலம் ஒப்பித்தது. அமெரிக்கக் கம்பனிகள் இப்போட்டிக்கு நின்றுபிடிக்கவில்லை. 1980களின் முற்பாதியில் எலெக்றோ ஹாமோனிக்ஸ் தொழிற்சங்கப் பிணக்கினாலும் கடனாலும் மூடப்பட்டது, எம்.எக்ஸ்.ஆரும் அதே காலத்தில் வீழ்ந்தது. பின்னர் இரண்டு பெயர்களும் மீண்டும் சந்தைக்கு வந்தன, எம்.எக்ஸ்.ஆர். வேறொரு கம்பனியின் கைக்கு மாறியே வந்தது.

1980களின் எண்முறைச் சாதனங்கள் பெடல்களைப் பழம்பொருளாக்கிவிடும் என்று பலர் எதிர்பார்த்தனர். நிகழ்ந்தது அதுவன்று. 1990களில் பழைய பெடல்கள் கைமாறும் விலை ஏறத் தொடங்கியது. 1990களின் இறுதியிலிருந்து கணினிச் சில்லுகள், துல்லியமான கணிப்பின் மூலம், துல்லியமற்ற ஜேர்மானியத் திரான்சிற்றரின் பழுதையும் மந்தமான ஒளியுணரியின் தாமதத்தையும் ஒப்பிக்கும் வேலைக்கு அமர்த்தப்பட்டன. நாஷ்வில் மேசையில் ஒரு பாகம் பழுதானதைக் கண்ட கிளென் ஸ்னொடி 2018 வரை வாழ்ந்து இவற்றையெல்லாம் பார்த்தார். சீ.ஏ. 3080 சில்லின் உற்பத்தி 2000களில் நிறுத்தப்பட்டது. அதன்பின் பழைய டைனா கொம்பை அப்படியே திரும்பச் செய்ய விரும்பிய சிறு உற்பத்தியாளர்கள், ஒரு காலத்தில் சில சதங்களுக்கு விற்ற அச்சில்லின் எஞ்சிய இருப்பைத் தேடிப் பழைய களஞ்சியங்களைத் துழாவத் தொடங்கினர். அவர்களுடைய தேவையை அறிந்து போலிச் சில்லுகளைச் செய்து விற்போரும் விரைவிலே தோன்றினர்.